தக்காளி விவசாயி, மண்டிக்காரர், நர்சரிக்காரர்: இடம் மாற்றி உட்காரவைத்தால் புது வழி பிறக்குமா?

கேள்வி
மாலூர் ரயில் (கே.ஆர்.புரம், பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். நான் கே.ஆர்.புரத்தில் குடியிருக்கிறேன். காலையில் பங்காருப்பேட்டை ரயிலைப் பிடித்து மாலூர் போய், அங்கே ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தக்காளி போடுகிறவர்கள். கொஞ்சம் பேர் பீன்ஸ், குடைமிளகாய். சரக்கு கோலார் மண்டிக்குப் போகிறது, மிச்சம் பெங்களூரு கலாசிப்பாளையம் சந்தைக்கு.

எங்கள் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 2023 ஜூலையில் கோலாரில் 15 கிலோ பெட்டி 2000 ரூபாயைத் தாண்டியது. அதே மண்டியில், வரத்து பெருகும் மாதங்களில் பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாமல் பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். விலை ஏறியதைப் பார்த்து ஊரே நாற்று வாங்குகிறது, பிறகு ஊரே ஒரே நேரத்தில் பறிக்கிறது.

இதைப் பற்றிப் பேச நாங்கள் கூட்டம் போடாமல் இல்லை. விவசாயிகள், மண்டிக்காரர், மருந்துக்கடைக்காரர், டெம்போ வைத்திருப்பவர்கள், வங்கி மேலாளர், தோட்டக்கலைத் துறை அதிகாரி என்று எல்லோரையும் அழைக்கிறோம். அதிகாரி ஒரு மணி நேரம் பேசுகிறார். மண்டிக்காரர் செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விவசாயிகள் தலையாட்டிவிட்டு டீயும் பன்னும் சாப்பிட்டுக் கிளம்புகிறார்கள். மண்டியில் முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்காரர் எதிரில் எப்படி வாய் திறப்பார்? கடன் பாக்கி வைத்திருப்பவர் வங்கி மேலாளர் எதிரில் என்ன பேசுவார்?

அதனால் அடுத்த கூட்டத்தில் இடத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். விவசாயி மண்டிக்காரராக, மண்டிக்காரர் விவசாயியாக, அதிகாரி டெம்போ ஓட்டுநராக உட்கார்ந்து ஒரு நாள் சந்தையை நடத்திப் பார்க்க வேண்டும். அதிலிருந்து எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய புதிய ஏற்பாடு ஏதாவது பிறக்க வேண்டும். எங்கள் இயக்குநர்களில் மூத்தவர் ஒருவர், "அறுபது வயதில் என்னை நாடகம் ஆடச் சொல்கிறாயாம்மா?" என்று கேட்டார். கோபமில்லை, வருத்தம்தான். அந்த வருத்தம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்படி நடத்திப் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். யாருடைய மனமும் நோகாமல் செய்ய முடியுமா? தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்து பேசுகிற கூட்டம் இது, அதை எப்படிச் சமாளிப்பது? முக்கியமாக, அன்று கைதட்டிக் கலைந்துவிடாமல் மறுநாள் ஏதாவது நடக்க என்ன செய்ய வேண்டும்?

பதில் 1
கலாசிப்பாளையம் கடை

அம்மா, நான் மண்டிக்காரன். அப்பா காலத்துக் கடை. உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த மாதிரிக் கூட்டங்களில் எங்களுக்கு என்ன வேடம் கிடைக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். தொப்பையும் மோதிரமுமாக ஒருவர் வந்து விவசாயியை ஏமாற்றுவார், எல்லோரும் சிரிப்பார்கள். அப்படியானால் எங்கள் தொழிலில் யாரும் வர மாட்டோம். வந்தாலும் மனம் விட்டுப் பேச மாட்டோம்.

எங்கள் கணக்கை உள்ளபடி போட்டால் வருகிறேன். விடியற்காலையில் லோடு இறங்குகிறது. விவசாயிக்கு அன்றே பணம் கொடுத்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த லோடு பக்கத்துக் கடைக்குப் போய்விடும். என்னிடம் எடுத்துப்போகிற தள்ளுவண்டிக்காரர் மாலையில் தருகிறார். ஹோட்டல்காரர் மாதக் கடைசியில் தருகிறார். வெளியூர் வியாபாரி, அடுத்த லோடு எடுக்கும்போதுதான் முந்தைய லோடுக்குப் பணம் தருகிறார். நடுவில் இருக்கிற இடைவெளியை நான் வட்டிக்கு வாங்கி அடைக்கிறேன். வெளியூர்க்காரர் ஒருவர் செல்பேசியை அணைத்துவிட்டால் அந்த மாதம் என் வீட்டில் யாரும் தூங்குவதில்லை.

எங்கள் பக்கம் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கழிவு என்று பெட்டிக்கு இத்தனை என்று பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், எடையில் விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதையும் போடுங்கள். ஆனால் என் இடத்தில் உட்காருகிற விவசாயி, பணம் வருவதற்கு முன்பே பணம் கொடுக்கிற அந்த விடியற்காலையையும் ஒருமுறை அனுபவிக்க வேண்டும்.

பதில் 2
நாற்றங்கால் (பானஸ்வாடி, பெங்களூரு)

தங்கைக்கு வணக்கம். சிந்தாமணி, சீனிவாசபுரம் பக்கம் கிராமங்களில் பல காலம் விவசாயக் குழுக்களோடு வேலை செய்தவள் நான். நீங்கள் கேட்கிற இந்த முறையை நடத்தியிருக்கிறேன், அது பலன் தந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூத்தவர். அவரை நடிக்கச் சொல்லாதீர்கள். குரலை மாற்றுவது, தலையில் துண்டு கட்டுவது எதுவும் வேண்டாம். அழைப்பில் "வருகிற பருவத்து ஏலத்தை முன்கூட்டியே ஒருமுறை நடத்திப் பார்ப்போம்" என்று மட்டும் எழுதுங்கள். ஏலத்தைப் பற்றிப் பேச அவர் தயங்கவே மாட்டார். அவர் கையில் ஒரு சீட்டு கொடுக்கிறோம், அந்தச் சீட்டில் இருக்கிற நிலைமையில் அவர் என்ன முடிவெடுப்பார் என்று கேட்கிறோம். அவ்வளவே.

எல்லாமே அந்தச் சீட்டில் இருக்கிறது. "நீங்கள் ஒரு சிறு விவசாயி, மிகவும் கஷ்டப்படுகிறீர்கள்" என்று எழுதிய சீட்டால் பத்துப் பைசாவுக்குப் பிரயோசனமில்லை. இப்படி எழுத வேண்டும்: "ஒரு ஏக்கர் தக்காளி. குச்சி, சணல், மருந்து எல்லாம் கடனில் வாங்கியது. மருந்துக்கடைக்கு வெள்ளிக்கிழமை பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பழம் சிவந்துவிட்டது, இனி இரண்டு நாளுக்கு மேல் செடியில் விட முடியாது. மண்டியில் முன்பணம் வாங்கியதால் வேறு கடைக்குச் சரக்கைக் கொண்டுபோக வழியில்லை." இதைப் படித்த பிறகு யாருக்கும் நடிக்கத் தோன்றாது. கணக்குப் போடத்தான் தோன்றும்.

சீட்டை நீங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதாதீர்கள். அந்தந்தத் தொழில் செய்கிறவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். மண்டிச் சீட்டைக் கலாசிப்பாளையத்து ஐயா மேலே பாதி எழுதியே விட்டார். சீட்டை வைத்து ஆடுகிறவர் வேறொருவர். சொன்னவர் அவருக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இந்த இடத்தில் எனக்கு அந்த வழி கிடையாது" என்று திருத்தலாம். முன்னால் போய்ப் பேசக் கூடாது. இந்த ஒரு ஏற்பாடு இருந்தால் கேலி அடங்கிவிடும். தன் தொழிலைப் பற்றிப் பொய் சொன்னால் உடனே மறுக்க ஆள் இருக்கிறது என்ற நம்பிக்கை எல்லோருக்கும் வரும்.

பணத்துக்குப் புளியங்கொட்டை, பழப் பெட்டிக்குத் தீப்பெட்டி வைத்துக்கொண்டோம். முதல் சுற்றில் அவரவர் தன் தொழிலையே ஆடுவார்கள். இரண்டாவதில் இடம் மாற்றம். மூன்றாவதில், கூடியிருப்பவர்கள் ஏதாவது ஒரே ஒரு விதியை மாற்றலாம். ஆனால் அந்த மாற்றத்துக்கான செலவு யாருடைய புளியங்கொட்டையிலிருந்து போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். "அரசு கொடுக்க வேண்டும்" என்று சொல்வதானால், அதிகாரியின் சீட்டை வைத்திருப்பவரிடம் அதற்கு அதிகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

ஒரு கூட்டம் இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. ஊர்ப் பால் சங்கக் கட்டடம், மதிய நேரம். மண்டிக்காரர் ஒருவர் கையில் விவசாயிச் சீட்டு. தன் தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு நின்றார். ஏலம் கேட்டவர் ஒரு விவசாயி. முதல் விலையை இவர் மறுத்தார். அடுத்த விலை அதைவிடக் குறைவு. டெம்போ சீட்டு வைத்திருந்த பெண், "அண்ணா, காத்திருப்புக்கு இரண்டு கொட்டை" என்று கையை நீட்டினார். இவர் நல்ல பெட்டிகளை முன்னால் நகர்த்தினார், மறுபடி அடுக்கினார், யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது விலைக்கு "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து எண்ணினார். மருந்துக்கடைக்குப் பத்து வேண்டும், கையில் ஆறு. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்: "இத்தனை பேர் தக்காளி நட்டிருக்கிறார்கள் என்று முன்னாலேயே யாருக்கும் தெரியாதா?"

வங்கி மேலாளர் சீட்டு வைத்திருந்த நர்சரிக்காரர் சொன்னார்: "எனக்குத் தெரியும்."

அறையில் பேச்சு நின்றுவிட்டது. பிறகு அவரே விளக்கினார். குழித்தட்டில் நாற்று தயாராக ஏறக்குறைய 25 நாள். நட்டதிலிருந்து முதல் பறிப்புக்கு 60 முதல் 70 நாள். எந்த வாரம் எத்தனை ஆயிரம் நாற்றுக்கு முன்பதிவு ஆகிறது என்பது அவர் நோட்டில் இருக்கிறது. அதாவது வரத்து பெருகப்போகிறது என்ற செய்தி, விலை விழுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பே அந்த நோட்டில் எழுதப்பட்டுவிடுகிறது. அத்தனை காலமும் அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வாடிக்கையாளர் பெயர் போட்டி நர்சரிக்குத் தெரிந்துவிடுமே என்று சொல்லியிருக்க மாட்டார்.

மூன்றாம் சுற்றில் அவர்கள் மாற்றிய விதி இதுதான். சுற்றுவட்டார நர்சரிக்காரர்கள் வாரம் ஒருமுறை, யார் பெயரும் இல்லாமல், பதிவான நாற்றுகளின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பால் சங்கத்துக்குச் சொல்ல வேண்டும். சங்கச் செயலாளர் அதைக் கரும்பலகையில் எழுத வேண்டும். காலையும் மாலையும் பால் ஊற்ற எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருவதால் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். செலவு ஒரு சாக்குக்கட்டி, அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

பலகையைப் பார்த்துச் சிலர் நடவைத் தள்ளிப்போட்டார்கள், சிலர் பீன்ஸுக்குப் போனார்கள். விலைச் சரிவு நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆந்திரத்து மதனப்பள்ளியில் விளைச்சல் கொட்டினால் கோலார் விலையும் ஆடும், ஒரு வட்டாரத்துப் பலகையால் அதைத் தடுக்க முடியாது. ஆனால் இந்த யோசனையை எந்த அதிகாரியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மண்டிக்காரர் விவசாயியின் இடத்தில் நின்றதால் அந்தக் கேள்வி பிறந்தது. நர்சரிக்காரர் தன் கடையில் இல்லாமல் வேறொரு நாற்காலியில் இருந்ததால் அவரால் பதில் சொல்ல முடிந்தது. ஆகவே உங்கள் பட்டியலில் நர்சரிக்காரரைச் சேருங்கள். அவர் இல்லை என்பதை உங்கள் கேள்வியைப் படித்தவுடனே கவனித்தேன்.

மறுநாள் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். "ஆம்" என்று சொல்ல அதிகாரம் உள்ளவர் அறையில் இருக்க வேண்டும். கிளையின் இளநிலை ஊழியர் வந்தால் குறிப்பெடுத்துக்கொண்டு போவார், மேலாளர் வந்தால்தான் தவணைத் தேதியை அறுவடைக்குப் பின் நகர்த்த முடியுமா என்று அங்கேயே பேசலாம். கலைவதற்கு முன், யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எல்லோர் எதிரிலும் எழுதி, படித்துக் காட்டிவிடுங்கள்.

பதில் 3
நீர்க்கணக்கு (ஹெப்பாள்)

நாற்றங்கால் அம்மா சொல்வதற்கு வெளியிலும் சாட்சி இருக்கிறது. உங்கள் இயக்குநர் குழுவிடம் காட்ட உதவும் என்பதால் எழுதுகிறேன்.

ஆந்திரத்தில், கோலாரைப் போலவே கடும்பாறை நிலமும் ஆழ்துளைக் கிணறுமாக இருக்கிற கிராமங்களில், ஃபவுண்டேஷன் ஃபார் எக்காலஜிக்கல் செக்யூரிட்டி என்ற தொண்டு நிறுவனமும் பன்னாட்டு உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நிலத்தடி நீர் விளையாட்டு ஒன்றை நடத்தின. விவசாயிகள் சிறு குழுவாக உட்கார்ந்து, அதிகம் நீர் குடிக்கும் பயிரா, குறைவாகக் குடிக்கும் பயிரா என்று தனித்தனியாக முடிவெடுப்பார்கள். சுற்றுக்குச் சுற்று எல்லோருக்கும் பொதுவான நீர்மட்டம் இறங்கும். சில சுற்றுகள் பேசாமல், சில சுற்றுகள் பேசிவைத்துக்கொண்டு. கடைசியில் ஊர்க் கூட்டம் கூட்டி நடந்ததைப் பேசுவார்கள். ஆய்வின் முடிவுகள் 2016-லும் 2018-லும் வெளியாயின. விளையாட்டு நடந்த ஊர்களில் பின்னர் நீர்ப் பதிவேடும் நீர் எடுப்பதற்கான விதிகளும் கூடுதலாக வந்ததை அந்த ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவர்களே வலியுறுத்துவது ஊர்க் கூட்டத்தைத்தான். விளையாட்டை நடத்திவிட்டு அந்தப் பேச்சுக்கு நேரமில்லாமல் சாப்பாட்டுக்கு எழுந்துவிடாதீர்கள்.

இடம் மாற்றுவதற்குப் பூட்டானில் நல்ல முன்மாதிரி உண்டு. லிங்முதேச்சு என்ற நீர்ப்பிடிப்புப் பகுதியில் மேலே லிம்புகா, கீழே தொம்போலா. நெல் நடவுக் காலத்தில் மேலூர் எப்போது நீரைக் கீழே விடுவது என்பதில் நெடுநாள் மனத்தாங்கல். 2003-இல் இரண்டு ஊர் விவசாயிகளையும் வைத்து வேட விளையாட்டு நடத்தினார்கள். ஒரு கட்டத்தில் மேலூர்க்காரர்கள் கீழூராகவும் கீழூர்க்காரர்கள் மேலூராகவும் உட்கார்ந்தார்கள். பின்னாளில் அந்தப் பகுதியின் ஏழு கிராமங்களும் சேர்ந்து ஒரு குழு அமைக்கிற வரைக்கும் அந்தப் பேச்சு வளர்ந்தது.

இன்னொரு நாற்காலியும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்: பெங்களூரு நகரவாசிக்கு. கோரமங்களா, செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து 2018 முதல் கோலார் மாவட்ட ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நாம் குளித்த நீர் அங்கே ஏரியில் நிற்கிறது, அந்த மாவட்டத்துத் தக்காளி நம் ரசத்துக்கு வருகிறது. அந்த நீரின் தரத்தைப் பற்றி விவசாயிகளுக்கு இருக்கிற பயத்தைக் கேட்க நம் பக்கத்திலிருந்து அங்கே யாராவது உட்கார வேண்டாமா?

பதில் 4
கட்டியங்காரன் (அல்சூர்)

நாடகக்காரன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. மேலே எழுதிய மூவரும் நல்லவர்கள், ஆனால் ஒருவரை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். பழம் பறிக்க வருகிற கூலிப் பெண்கள் எந்தச் சீட்டிலும் இல்லை.

அவர்களை அழைத்தால் உடனே இன்னொரு கேள்வி வருகிறது. இடம் மாற்றுவது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. மண்டிக்காரர் விவசாயியாக ஆடினால் அவருக்கு நஷ்டமில்லை. தோட்டக்காரர் எதிரில் தோட்டக்காரராக ஆடிய பெண், மறுநாள் காலை அதே தோட்டத்துக்குக் கூலிக்குப் போக வேண்டும். சாதியும் அங்கேதான் இருக்கிறது. யார் நாற்காலியில், யார் தரையில் என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். எல்லோருக்கும் பாய், இல்லையென்றால் எல்லோருக்கும் நாற்காலி.

பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்த மன்ற அரங்கு முறையில், பார்த்துக்கொண்டிருப்பவரே "நிறுத்து" என்று சொல்லி மேடைக்கு வந்து பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொள்வார். 1985-இல் தொடங்கிய ஜன சம்ஸ்கிருதி என்ற நாடகக் குழு, மேற்கு வங்கத்துக் கிராமங்களில் இந்த முறையைக் கூலித் தொழிலாளர்களோடு சேர்ந்து நடத்திவருகிறது. எனக்கு அதில் பிடித்தது, ஒடுக்கப்பட்டவரின் இடத்துக்குத்தான் மாற்று ஆள் வருவார் என்பது. "இவர் இடத்தில் நான் இருந்தால் வேறென்ன செய்ய முடியும்?" என்ற கேள்வியைக் கூட்டம் முழுவதும் சுமக்கிறது.

மாலூரில் இப்படிச் செய்யலாம். முந்தின நாள் கூலிப் பெண்கள் மட்டும் தனியாக ஒருமுறை ஆடட்டும். பெரிய கூட்டத்தில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவர்களே முடிவு செய்யட்டும். மறுநாள் அவர்கள் சீட்டை வேறு ஊர் விவசாயி ஒருவர் ஆடட்டும். சொந்த முதலாளிக்கு எதிரில் யாரையும் நிறுத்தாதீர்கள். தெருக்கூத்தில் ராஜாவையே நேராகக் கேள்வி கேட்கிற உரிமை கட்டியங்காரனுக்கு உண்டு. உங்கள் கூட்டத்திலும் அந்த உரிமை உள்ள ஒருவர் வேண்டும். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் அல்லாத ஒருவராக அவர் இருக்கட்டும்.

கேட்டவரின் மறுமொழி
மாலூர் ரயில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாற்றங்கால் அக்கா, இன்று காலையே எங்கள் மூத்த இயக்குநரிடம் "வருகிற பருவத்து ஏலம்" என்று சொல்லிப் பார்த்தேன். "யார் ஏலம் கேட்பார்கள்?" என்று உடனே கேட்டார். ஏலம் கேட்பவராக அவரையே வைக்கிறேன். மாலூர் சுற்றியுள்ள நர்சரிகளுக்கு இந்த வாரம் நானே நேரில் போய் அழைக்கிறேன். பறிகூலிக்கு வரும் பெண்களை ஞாயிறு மாலை தனியாகச் சந்திக்கிறேன், அவர்கள் ஒப்புக்கொண்டால்தான் அவர்கள் சீட்டு எழுதப்படும். மொழி விஷயம் மட்டும் இன்னும் இழுக்கிறது. சீட்டை எந்த மொழியில் எழுதுவது?

நாற்றங்கால்

கன்னடத்தில் ஒரு பிரதி, தெலுங்கில் ஒரு பிரதி. ஆனால் யாரிடமும் படிக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வீட்டில் பேசுகிற மொழியில் மெதுவாகப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் யார் என்பது யாருக்கும் தெரியாமல் போகும். பேசும்போது அவரவர் மொழியில் பேசட்டும். மாலூர் சந்தையில் தினமும் மூன்று மொழியில் விலை பேசுகிறவர்கள், இங்கேயும் புரிந்துகொள்வார்கள்.

கலாசிப்பாளையம் கடை

அம்மா, ஏலம் முடிந்து கணக்குப் பார்த்துக் கிளம்பப் பதினோரு மணி ஆகும். கூட்டத்தை மதியம் 2 மணிக்கு வைத்தால் வந்துவிடுகிறேன், கோலாரில் இருந்தும் இரண்டு கடைக்காரர்களைக் கேட்டுப் பார்க்கிறேன். எனக்கு விவசாயிச் சீட்டு வேண்டாம், நர்சரிச் சீட்டு கொடுங்கள். மூன்று மாதம் முன்பே தெரிந்த ஒன்றை ஒருவர் ஏன் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்பதை அந்த இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். மண்டிச் சீட்டை இந்த வாரமே எழுதி அனுப்புகிறேன். வெளியூர்ப் பாக்கியையும் கழிவுப் பிடித்தத்தையும் இரண்டையும் எழுதுகிறேன்.